ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு கிராம்

அவருடைய சொந்தப் பெயர் தபால்காரருக்கும் மின்கட்டண ரசீதுக்கும் மட்டும்தான் தெரியும். கடைத்தெருவில் மற்ற எல்லோருக்கும் அவர் ‘பாஸ்போர்ட்’. பத்துக்குப் பன்னிரண்டு அறை, ஒரு வெள்ளைத் திரை, சுற்றும்போது கிறீச்சிடும் ஒரு முக்காலி, இரண்டு விளக்கு. இருபத்தெட்டு வருடமாக அந்த அறையில் அவர் பேசியது நாலே வாக்கியம். “தாடையைக் கொஞ்சம் இறக்குங்க. தோளைத் தளர்த்துங்க. சிரிக்காதீங்க. இங்க பாருங்க.” ஊரைவிட்டுக் கடல் தாண்டிப் போனவர்களில் பாதிப்பேர் அந்த முக்காலியில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தான். அவர் மட்டும் எங்கும் போனதில்லை.

போகாவிட்டால் என்ன, ஆலோசனை சொல்ல அது தடையா? வெளிநாடு போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு காத்திருக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் மெதுவாகக் கேட்பார்கள், கேமரா என்ன வாங்கலாம், என்ன கொண்டுபோகலாம் என்று. பாஸ்போர்ட்டாருக்கு முகம் மலர்ந்துவிடும்.

“ஒரு கேமரா பாடி, ஒரு லென்ஸ், ரெண்டு பேட்டரி. அவ்வளவுதான். அதுக்கு மேல ஒரு குண்டூசி எடுத்தாலும் நீங்க ஊர் பார்க்கப் போகலை, மூட்டை தூக்கப் போறீங்க.”

அவர் சொன்னதைக் கேட்டு இலகுவாகப் போய் வந்தவர்கள் உண்டு. திரும்பி வந்து, “நீங்க சொன்னது நூத்துக்கு நூறு” என்று சொல்லிவிட்டும் போயிருக்கிறார்கள். ஊருக்குத்தான் உபதேசம் என்பது அவருக்கே அப்போது தெரியாது.

ஊரில் புகைப்படக்காரர்களுக்கு ஒரு சங்கம் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை இரும்புக்கடை மாடியில் கண்காட்சி வைப்பார்கள். இருபத்தெட்டுக் கண்காட்சியில் ஒன்றிலும் அவர் படம் சுவர் ஏறியதில்லை. கல்யாணப் படம் எடுப்பவர் ஒருவர், எல்லோரும் ‘ஆல்பம்’ என்று கூப்பிடுவார்கள், அவர்தான் சங்கத்துச் செயலாளர். வாய் கொஞ்சம் நீளம்.

“பாஸ்போர்ட்டு, உம்ம படத்தையும் மாட்டிடலாம்யா. எனக்கென்ன வந்தது? ஆனா எட்டு காப்பியா மாட்டணுமே, அதுக்குச் சுவர் இல்லையே!”

கூட்டம் சிரிக்கும். பாஸ்போர்ட்டாரும் சிரிப்பார். மற்றவர்களிடம் சிரிக்காதீங்க என்று சொல்லிச் சொல்லியோ என்னவோ, அவர் சிரிப்பு கண்வரைக்கும் ஏறாது.

இப்படியிருக்கையில் வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளுக்குக் குழந்தை பிறந்தது. மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து அனுப்பினார், இரண்டு பேருக்கும், மூன்று வாரத்துக்கு. பாஸ்போர்ட்டுக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டி வந்தது. கடையில் ஆள் இல்லாதபோது கேமராவில் நேரம் வைத்துவிட்டு ஓடிப்போய் முக்காலியில் உட்கார்ந்து தன்னையே எடுத்துக்கொண்டார். முதல் மூன்றிலும் கண்ணை மூடியிருந்தார்.

ஆல்பத்துக்குச் செய்தி எட்டாமல் இருக்குமா?

“ஏரி, மலை, பனி எல்லாம் இருக்கிற ஊராமே! இந்தத் தடவையாவது சுவர்ல ஏறும்யா. ஆனா எனக்கு ஒரு சந்தேகம். பனி வெள்ளையா இருக்கும். உம்ம கண்ணுக்கு அது திரையாத் தெரிஞ்சு, முன்னால யாரையாவது உட்காரவெச்சு எடுத்துட்டு வந்திருவீரு.”

அன்று பாஸ்போர்ட்டார் சிரிக்கவில்லை. அன்றைக்கே சாமான் பட்டியல் எழுத உட்கார்ந்தார்.

ஒரு பாடி, ஒரு லென்ஸ் என்றுதான் ஆரம்பித்தார். ஏரிக்கு அகலமான லென்ஸ் வேண்டாமா? வேண்டும். மலை தூரத்தில் இருந்தால்? எழுபது-இருநூறு தூர லென்ஸ். அது ஒன்றே ஒன்றரைக் கிலோ, ஒரு தெருக்காரரிடம் இரவல். நடுவில் கேமரா மக்கர் பண்ணினால்? இன்னொரு பாடி. இருட்டில் ஃப்ளாஷ். அதிகாலையில் ஏரியை எடுக்க வேண்டுமென்றால் கை நிற்காது, மூன்றுகால் ஸ்டாண்டு, ட்ரைபாட், இல்லாமல் ஆகாது. சார்ஜர் மூன்று, பேட்டரி ஆறு, கண்ணாடி துடைக்கும் துணி நாலு. கடை மேசைமேல் எல்லாவற்றையும் பரப்பி வைத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று பார்த்தார். சொந்தக்காரர்களை வரிசையாக நிறுத்திக் குடும்பப் படம் எடுப்பது போல இருந்தது. யாரைப் போ என்று சொல்வது?

விமானத்தில் கையில் கொண்டுபோக ஆளுக்கு ஏழு கிலோ. பெட்டியில் போட ஆளுக்கு இருபத்து மூன்று. பக்கத்து பார்சல் கடைத் தராசை இரவல் வாங்கி வந்து நாலு நாள் நிறுத்துப் பார்த்தார். கண்ணாடிச் சாமானைப் பெட்டியில் போட்டால் உடையும், பேட்டரியைப் போடவே கூடாது. ஆக அதெல்லாம் கையில். தன் பெட்டியிலிருந்து மூன்று சட்டையையும் ஒரு ஜோடிச் செருப்பையும் எடுத்தார். போர்த்திக்கொள்ளக் கொண்டுபோகும் கம்பளிச் சட்டையின் பைகளில் பைக்கொரு லென்ஸாக வைத்துப் பார்த்தார். இரண்டாவது பாடியை மனைவியின் கைப்பைக்கு ஒதுக்கினார்.

எல்லாம் அடங்கியது. ட்ரைபாட் அடங்கவில்லை. மடக்கினாலும் ஒன்றரை அடிக்குமேல் நீளம். அவர் பெட்டி சின்னது, குறுக்கே வைத்தாலும் மூடவில்லை. மனைவியின் பெட்டிதான் பெரியது. அது ஏற்கெனவே இருபத்திரண்டு கிலோ தொள்ளாயிரம் கிராமில் நின்றது.

அந்தப் பெட்டியில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும்.

மனைவி தையல்காரி. வீட்டு ஜன்னலோரம் மிஷினைப் போட்டு, தெருவில் உள்ளவர்களுக்குக் கால்சட்டை நீளம் குறைப்பாள், பிறக்கப்போகும் குழந்தைக்கெல்லாம் சட்டை தைப்பாள். மகள் வயிற்றில் குழந்தை என்று தெரிந்த நாளிலிருந்து மாலைகளில் வேறொரு வேலை நடந்தது. மகள் சின்ன வயதில் போட்ட சட்டைகளையெல்லாம் ஒரு தகரப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். அவற்றை எடுத்து, வெட்டி, சதுரம் சதுரமாக ஒட்டி, நடுவே பஞ்சு வைத்து ஒரு போர்வை. ஏழு மாத வேலை. மகளுக்குத் தெரியாது. பாஸ்போர்ட்டாருக்கு மட்டும் தெரியும்.

“போன்ல உளறிடாதீங்க. நேர்ல போய், கண்ணை மூடிக்கோன்னு சொல்லி, கையில குடுக்கணும்” என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பாள்.

“நான் ஏன் உளறப்போறேன்?” என்றார் நாலு தடவையும்.

அதை ஒரு பெரிய துண்டில் சுற்றிப் பெட்டியின் நடுவே, நாலு பக்கமும் துணி அணை கொடுத்து, தூங்கும் குழந்தையைப் படுக்க வைப்பது போல வைத்திருந்தாள்.

கிளம்புவதற்கு முதல்நாள் பிற்பகல் மூக்குக்கண்ணாடியின் கால் உடைந்துவிட்டதென்று மனைவி கண்ணாடிக் கடைக்குப் போயிருந்தாள். பெட்டியை நிறுப்பதும் பூட்டுவதும் அவர் வேலை. திறந்து பார்த்தார். மகள் கேட்ட பாத்திரத்தை எடுக்க முடியாது. மனைவியின் மருந்து எடுக்க முடியாது. அவள் துணியை எடுத்தால் உடனே தெரியும். நடுவில் துண்டுச் சுருள்.

அந்த ஊரில் போர்வைக்கா பஞ்சம்? கடைகடையாகக் குழந்தைப் போர்வை தொங்குமாமே! தவிர, என்னோட மூணு சட்டையை நானே எடுக்கலையா? அப்படித்தான் முதலில் நினைத்தார். விமானத்தில் ஏறியதும் பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்று அடுத்து நினைத்தார். நினைப்புக்கு என்ன, ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்காரும். ஒரு கிராம் எடை கிடையாது.

போர்வையைத் தராசில் வைத்தார். ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு கிராம். ட்ரைபாடை வைத்தார். ஆயிரத்து அறுநூற்று நாற்பது. அதே துண்டில் ட்ரைபாடைச் சுற்றி, அதே இடத்தில், குறுக்கே படுக்க வைத்தார்.

இதோடு நிறுத்தியிருந்தால்கூட அவசரத்தில் செய்த புத்திகெட்ட காரியம் என்று விடலாம். அவர் நிறுத்தவில்லை. ஐம்பது கிராம் குறைந்தது. லென்ஸில் தூசி ஊதும் ரப்பர்க் குமிழ் ஒன்று கிடந்தது, அதைத் துண்டுக்குள் செருகி மறுபடி நிறுத்தார். சரியாக வந்தது. விமானத்துக்கு ஐம்பது கிராம் குறைந்தால் நல்லதுதானே? அந்த ஐம்பது கிராம் விமானத்துக்காக அல்ல. பெட்டியைத் தூக்கிப் பார்க்கப்போகும் மனைவியின் கைக்காக. இருபத்து மூன்று கிலோவில் ஐம்பது கிராம் குறைவதை எந்தக் கை கண்டுபிடிக்கும்? திருடுகிறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் ஓடாது போலிருக்கிறது.

பெட்டியைப் பூட்டினார். போர்வையைக் கடைக்குக் கொண்டுபோய் வெள்ளைத் திரைக்குப் பின்னால் பலகைமேல் வைத்தார். சாயங்காலம் மனைவி புதுக் கால் போட்ட கண்ணாடியோடு வந்து பெட்டியை ஒருமுறை தூக்கிப் பார்த்தாள்.

“சரியா இருக்கா?”

“கச்சிதம்” என்றார்.

விமான நிலையத்தில் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் நடந்தது பார்க்கும்படியாக இருந்தது. மூன்று பையிலும் மூன்று லென்ஸ், மார்பில் ஒரு கேமரா, தோளில் பை. கர்ப்பிணி போல இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடந்தார். சோதனைக்காரர் மனைவியின் கைப்பையைத் திறந்து இரண்டாவது பாடியை எடுத்துப் பார்த்தார்.

“அம்மா, இது உங்களுதா?”

“என்னுதுன்னு சொல்லச் சொன்னாருங்க” என்றாள் மனைவி. சோதனைக்காரர் சிரித்துவிட்டார்.

பெட்டி எடை போடும் இடத்தில் எண் வந்து நின்றது: இருபத்திரண்டு தொள்ளாயிரம். “பரவாயில்லையே! நீங்க கட்டினா கட்டினதுதான்” என்று மனைவி அவர் முதுகைத் தட்டினாள். கம்பளிக்குள் லென்ஸ் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டது.

மேகத்துக்கு மேலே போனதும் சொல்லிவிட வாயைத் திறந்தார்.

“அந்தப் பெட்டியில...”

“அதைத்தான் நானும் நினைச்சுட்டு இருந்தேன். மேல நாலு பெட்டியைத் தூக்கிப் போடுவாங்களே, நசுங்காதுல்ல?”

“நசுங்காது” என்றார். அது பொய்யில்லை. அலுமினியம்.

மகள் வீடு மூன்றாவது மாடியில், இரண்டு அறை. வந்து குளித்து, குழந்தையை மாறி மாறி வைத்திருந்து, யார் மூக்கு யாருக்கு என்ற வழக்கெல்லாம் முடிந்த பிறகு மனைவி எழுந்தாள். முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

“பாப்பாவை அவர்கிட்டக் குடு. ரெண்டு கையையும் நீட்டு. கண்ணை மூடு.”

“என்னம்மா இது, சின்னப் பிள்ளை மாதிரி?”

“மூடுன்னா மூடு.”

மகள் கண்ணை மூடிக் கையை நீட்டினாள். மாப்பிள்ளை குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். பாஸ்போர்ட்டார் ஜன்னல் பக்கம் நின்றார். ‘இப்போதாவது சொல், இப்போதாவது’ என்று உள்ளே ஏதோ அடித்துக்கொண்டது.

மனைவி பெட்டியைத் திறந்து துண்டுச் சுருளைத் தூக்கியதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. எடை அதேதான். ஆனால் துணியின் எடை வேறு, உலோகத்தின் எடை வேறு என்று தராசுக்குத் தெரியாது, தையல்காரி கைக்குத் தெரியும். ஒரு மடிப்பு விலக்கினாள். கருப்பாக மூன்று கால் தெரிந்தது. ரப்பர்க் குமிழ் உருண்டு தரையில் விழுந்து சோபாவுக்கு அடியில் போனது.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அதுதான் அவருக்கு இன்றுவரை ஆறாதது. பார்த்திருக்கலாம்.

“என்னம்மா, கை வலிக்குது!” என்றாள் மகள் கண்ணை மூடியபடியே.

மனைவி ட்ரைபாடை அப்படியே மகள் கையில் வைத்தாள்.

“இதுதான். பாப்பாவைப் படம் எடுக்க ஸ்டாண்டு. உங்கப்பாவோட ஸ்டாண்டு. நான்தான் பத்திரமாக் கொண்டு வரேன்னு என் பெட்டியில வெச்சேன்.”

மகள் கண்ணைத் திறந்தாள். கையில் இருந்ததைப் பார்த்தாள். சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது.

“இதுக்குப் போயா கண்ணை மூடச் சொன்னே?”

“பின்ன? சும்மாவா, ஏரியே எடுக்கப் போறார்” என்று மனைவியும் சிரித்தாள்.

அவர்களுக்கு ஒதுக்கிய அறையில் மனைவி துணி மாற்றப் போனபோது பின்னாலேயே போனார். “நான்...” என்று ஆரம்பித்தார்.

“எங்க இருக்கு அது?”

“கடையில. திரைக்குப் பின்னாடி.”

“தரையிலயா?”

“இல்லை, பலகை மேல.”

“பூச்சி அரிக்காம இருந்தா சரி” என்றாள். துண்டை உதறி மடித்தாள். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டவில்லை, முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாள், மாத்திரை எடுத்துக் கொடுத்தாள். நாலு வார்த்தை வைதிருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பார்.

நாலாம் நாள் மனைவி குழந்தையோடு தூங்கிக்கொண்டிருந்தாள். பாஸ்போர்ட்டார் கூடத்தில் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே மகள் கடையில் வாங்கிய குழந்தைச் சட்டைகளை மடித்துக்கொண்டே மாப்பிள்ளையிடம் பேசியது காதில் விழுந்தது.

“தெருவுல யாருக்குக் குழந்தை பொறந்தாலும் தைச்சுக் குடுப்பாங்க. எனக்கு ஒரு கைக்குட்டைகூட இல்லை. கேட்கக் கூடாதுன்னுதான் இருக்கேன்.”

“அப்படிச் சொல்லாதே. அவங்களுக்குக் கண்ணு சரியாத் தெரியலை போல. புதுக் கண்ணாடிகூடப் போட்டிருக்காங்க.”

“அதைச் சொல்லியிருக்கலாமே. ஸ்டாண்டைக் குடுத்து விளையாட்டுக் காட்டணுமா?”

பாஸ்போர்ட்டார் துடைத்த லென்ஸையே மறுபடி துடைத்தார். எழுந்து போய் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். மனைவியின் ஏழு மாதம் அவளுக்குத் திரும்பக் கிடைக்கும். பதிலுக்கு மகள் கண்ணில், மாப்பிள்ளை கண்ணில், தான் என்னவாக ஆவோம் என்பதும் தெரிந்திருந்தது. முழுப் பூசணிக்காயை மறைக்க அவர் ஒன்றும் பாடுபடவில்லை, மனைவி மறைத்துக் கொடுத்திருந்தாள். அவர் சும்மா இருந்தால் போதும். சும்மா இருந்தார்.

ஒன்பதாம் நாள் விடிகாலையில் மாப்பிள்ளை அவரை ஏரிக்குக் கூட்டிப்போனார். தோளில் பை அறுத்தது. ட்ரைபாடை விரித்து நிறுத்தினார். மூன்று காலும் கச்சிதமாக நின்றன. லென்ஸ் மாற்றி மாற்றி எடுத்தார். தண்ணீர்மேல் பனி புகைபோல நகர்ந்தது, ஒரு படகு அசையாமல் கிடந்தது. இருபத்தெட்டு வருடமாக அவர் காத்திருந்த காட்சி அது. படம் விழுந்துவிட்டது என்று எடுக்கும்போதே தெரிந்தது. சந்தோஷம்தான் எங்கே என்று தெரியவில்லை. பைக்குள் வைத்த இடம் மறந்துபோன பேட்டரி மாதிரி.

அன்று மாலை மாப்பிள்ளை படங்களைக் கூடத்துத் தொலைக்காட்சியில் போட்டார். ஏரி சுவரளவுக்கு வந்து நின்றது.

“மாமா! இதென்ன மாமா, காலண்டர்ல வர்ற மாதிரி!”

மகள் கைதட்டினாள். குழந்தை ஒளியைப் பார்த்துக் காலை உதைத்தது. மனைவி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வெகுநேரம் பார்த்தாள்.

“ஆடவே இல்லையே” என்றாள். “நல்லா நின்னிருக்கு.”

குத்தலா, பாராட்டா? குரலில் ஒன்றும் தெரியவில்லை. பாஸ்போர்ட்டார் தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். குழாயடியில் நின்று, காது மடல் சூடாறும்வரை, நிறைந்த தம்ளரைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும் என்று மகள் சொன்னது பன்னிரண்டாம் நாள். கடையில் இரண்டு தடவை எடுத்து இரண்டும் செல்லாது என்று திரும்பி வந்துவிட்டதாம். ஒன்றில் கண் மூடியிருந்தது, இன்னொன்றில் பிடித்த கை தெரிந்தது.

“அப்பா, உன் வேலைதானே இது?”

அவர் வேலைதான். பை முழுக்கச் சாமான் இருந்தும் கை தானாகப் போய் எடுத்தது ஒரு பாடி, ஒரு சின்ன லென்ஸ். மற்றதெல்லாம் ஜிப் திறக்காமலே கிடந்தது. கைக்குழந்தையை எடுக்க வழி ஒன்றுதான். ஜன்னல் வெளிச்சத்தில் வெள்ளைத் துணி விரித்துப் படுக்கவைத்து மேலே நின்று எடுக்க வேண்டும். சுருக்கம் இருந்தால் திரும்பிவிடும். மனைவி ஒரு படுக்கை விரிப்பைத் தேய்த்துக் கொடுத்துவிட்டு, தேய்ப்புப் பெட்டி ஆறட்டும் என்று கதவோரம் நின்றாள்.

குழந்தையைக் கிடத்தினார்கள். மகள் பக்கத்தில் மண்டியிட்டுச் சாவிக்கொத்தை ஆட்டினாள். அவர் இரண்டு பக்கமும் கால் வைத்துக் குனிந்து, கேமராவில் கண்ணை வைத்தார்.

“தாடையைக் கொஞ்சம் இறக்குங்க” என்று வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

“மூணு மாசக் குழந்தைக்குத் தாடையா? அப்பா!” மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

குழந்தை சிரிக்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்தது. அத்தனை வருடத்தில் அவர் ஆயிரக்கணக்கானவர்களிடம் கெஞ்சிக் கேட்ட பார்வை அது. இமைக்காமல், எதையும் ஒளிக்காமல். ஒரு தடவை அழுத்தினார். கண்ணை எடுக்கவில்லை. எடுத்தால் சொல்ல முடியாது என்று தெரிந்தது.

“உங்கம்மா ஒரு போர்வை தைச்சிருந்தா. பாப்பாவுக்கு.”

சாவிக்கொத்து நின்றது.

“உன் சின்ன வயசுச் சட்டையெல்லாம் வெட்டி. ஏழு மாசம் தைச்சா. பெட்டியிலதான் இருந்துது. நான்தான் எடுத்துட்டு அந்த ஸ்டாண்டை வெச்சேன். அவளுக்குத் தெரியாது. எடை போட்டு, சரியா அதே எடைக்கு வெச்சேன். தூக்கிப் பார்த்தாத் தெரியக் கூடாதுன்னு.”

கேமராவுக்குள் குழந்தை இன்னும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. மகள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருந்தார். அவள் குழந்தையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கதவோரம் போய் அம்மாவின் முன்னால் நின்றாள்.

“அந்த மஞ்சள் ஃப்ராக் இருந்துதா அதுல?”

“இருக்கு. நட்ட நடுவுல அதுதான்.”

“ஸ்கூல்ல மை கொட்டினது?”

“கறையோடதான் வெச்சேன். போகலையே, என்ன பண்றது?”

“பச்சைச் சட்டை? பாக்கெட் வெச்சது?”

“பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை. அப்படியே தைச்சுட்டேன். பாப்பா கை விட்டுக்கும்ல.”

மகள் அழுதாள். மனைவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே ஒவ்வொரு சட்டையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் அப்படியே உள்ளறைக்குப் போனார்கள். பாஸ்போர்ட்டார் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்புக்கு இரண்டு பக்கமும் கால் வைத்தபடி நின்றார். அவரைக் கோபித்துக்கொள்ளக்கூட யாருக்கும் நேரம் இல்லை.

பிறகு விரிப்பை மடிக்க மனைவி வந்தாள்.

“உங்களை யார் சொல்லச் சொன்னா?”

“அவ உன்னைத் தப்பா நினைச்சுட்டு இருந்தா.”

“நினைச்சுட்டுப் போறா. அம்மா மறந்துட்டான்னுதானே நினைப்பா? இப்போ என்ன நினைக்கிறா தெரியுமா? அம்மா இத்தனை வருஷம் இப்படி எதை எதை மூடி வெச்சாளோன்னு நினைக்கிறா. உள்ள கேட்டே கேட்டுட்டா.” ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். அவர் பிடித்தார். இரண்டு பேருமாக மடித்தார்கள். கை கையைத் தொடும் தூரத்துக்கு வந்ததும் கேட்டாள்:

“உங்க வெயிட்டு குறைஞ்சுதா?”

மடித்த துணியை வாங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள்.

ஊர் திரும்பிய மறுநாளே ஆல்பம் கடை வாசலில் வந்து நின்றார்.

“எங்கய்யா ஏரி? சுவர்ல ஆணி அடிச்சு வெச்சிருக்கேன்.”

“எல்லாம் ஆடிப்போச்சு.”

“ஸ்டாண்டு கொண்டு போனீரே?”

“கொண்டு போனேன்” என்றார். அதோடு ஆல்பத்துக்கே என்னவோ போலாகி, வேறு கதை பேசிவிட்டுப் போய்விட்டார்.

மனைவி கடைக்கு வந்து, திரையை விலக்கி, போர்வையைத் தானே எடுத்துப் போனாள். துவைத்தாள், வெயிலில் இரண்டு நாள் போட்டாள், தேய்த்தாள். மூன்றாம் நாள் அதைச் சாப்பாட்டு மேசைமேல் அவர் முன்னால் வைத்தாள்.

“நீங்களே போய் அனுப்புங்க.”

கட்டுவதற்கு முன் அந்தப் பச்சைச் சட்டைப் பாக்கெட்டைத் தேடிப் பிடித்தார். இரண்டு விரல் நுழைந்தது. ஏதாவது எழுதி வைக்கலாமா என்று யோசித்தார். மூன்று காகிதம் கிழித்தார். கடைசியில் பாக்கெட்டைக் காலியாகவே விட்டுக் கட்டினார்.

தபால் நிலையத்தில் நீள வரிசை. பாதிப்பேருக்கு அவரைத் தெரியும், அவருக்கும் அந்த முகங்கள் தெரியும். அவர் முறை வந்ததும் எழுத்தர் பெண் படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

“உள்ள என்ன?”

“போர்வை. குழந்தைக்கு.”

“எடை பார்க்கணும், வைங்க.”

“துணி மட்டும் ஆயிரத்து அறுநூத்துத் தொண்ணூறு” என்றார், பெட்டி தராசைத் தொடுவதற்கு முன்பே. “அட்டையும் கயிறும் தனி.”

எழுத்தர் தலை நிமிர்ந்தாள். பின்னால் நின்றவர்களும் எட்டிப் பார்த்தார்கள்.

“போர்வையை இப்படி கிராம் சுத்தமா யாராவது நிறுத்து வெப்பாங்களா? தங்கமா என்ன? எதுக்கு நிறுத்தீங்க?”

அவர் தாடை தானாக இறங்கியது. கண்ணாடித் தடுப்பின் கீழே, பேனாவைக் கட்டியிருந்த நூலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“ஐயா,” எழுத்தர் படிவத்தை அவர் பக்கம் நகர்த்தி விரலால் தட்டினாள். “அனுப்புறவர் பேர் எழுதலை. ஐயா... இங்க பாருங்க.”